விளைக்குள் இறங்குவதற்கு முன்னால்

நாகர்கோவிலில் வீட்டுத் தோட்டம், கன்னியாகுமரியில் விடுதிப் புல்வெளி, மார்த்தாண்டம் பக்கம் நர்சரி, தோவாளையில் பூந்தோட்டம், குலசேகரம் பக்கம் ரப்பர், மிளகு, வாழை. குமரி மாவட்டத்தில் தோட்ட வேலைக்குப் போகிற ஒரே ஆள் ஒரே மாதத்தில் இதில் நாலு இடத்திலாவது நின்றிருப்பார். தொழிற்சாலையில் பாதுகாப்பைப் பார்க்க ஒரு அதிகாரி இருப்பார். விளையில், அதாவது மரம் செடி நிற்கிற தோட்டத்தில், அப்படி யாரும் கிடையாது. வேலை சொல்பவருக்கு மாலைக்குள் புல் வெட்டி முடிய வேண்டும், அவ்வளவுதான். அதனால் அதிகாரி பார்க்க வேண்டியதையும் வேலைக்காரரேதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: கத்தியை எடுப்பதற்கு முன் விளையைச் சுற்றிப் பார்க்கிற கால் மணி நேரமும் வேலைதான். அதற்கும் கூலி உண்டு. கூலி பேசும்போதே அதைச் சேர்த்துப் பேசுங்கள். "அண்ணாச்சி, முதல்ல ஒரு சுத்து பார்த்துட்டுத்தான் தொடங்குவேன்" என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்கிற வீட்டுக்காரர் குறைவு.

அந்தச் சுற்றில் முதலில் அண்ணாந்து பாருங்கள். மின்கம்பி எந்தப் பக்கம் போகிறது, எந்தத் தென்னையில் காய்ந்த ஓலைமட்டையும் கொதும்பும் (பாளை) தொங்குகிறது, எந்தக் கொம்பில் தேன்கூடோ கடந்தைக் (குளவி) கூடோ இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற தேங்காய் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். சாப்பாட்டுப் பாத்திரத்தையும் பெட்ரோல் கேனையும் தென்னை மூட்டில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து சாப்பிடும் பழக்கத்தை விட வேண்டும். மா நிழலோ அயனி நிழலோ கிடைக்காத விளை இங்கே குறைவு.

பிறகு தரையைப் பாருங்கள். பழைய கிணற்றின் கைப்பிடிச் சுவர் இடிந்து அதன்மேல் கொடி படர்ந்திருக்கும். செப்டிக் டாங்க் மூடியின்மேல் மண் ஏறிப் புல் முளைத்திருக்கும். பழைய ஸ்லாப்பின் உள்பக்கக் கம்பி துருப்பிடித்துப் போயிருந்தால் ஒரு ஆள் பாரத்தைக்கூட அது தாங்காது. டாங்க் எங்கே என்று வீட்டுக்காரரிடம் கேட்டு நாலு மூலையிலும் குச்சி நட்டுவிடுங்கள். மோட்டாருக்குப் போகும் வயர் மண்ணுக்கடியில் எந்த வழியாகப் போகிறது என்பதையும் கேளுங்கள். நம் ஊரில் அது பைப்புக்குள் போகாமல் வெறும் வயராகவே புதைந்து கிடப்பது உண்டு. பிக்காசின் ஒரே கொத்தில் ஆள் உயிர் போகலாம்.

தோட்டியும் கம்பியும்

காய் பறிக்கிற தோட்டிக்கு, அதாவது கொக்கி வைத்த நீளக் கம்புக்கு, முன்பெல்லாம் மூங்கிலும் கமுகும்தான். இப்போது அலுமினியக் குழாயும் இரும்புக் குழாயும் வந்துவிட்டன. எடை குறைவு, நீளம் கூட்டலாம், சரிதான். ஆனால் மின்கம்பி போகிற விளையில் உலோகத் தோட்டியை உள்ளே கொண்டு போகவே கூடாது. "நான் கவனமாப் பிடிச்சிக்கிடுவேன்" என்பது இங்கே செல்லாது. 6 மீட்டர் நீளத் தோட்டியின் நுனியில் கொக்கியும் ஒரு குலையும் இருக்கும்போது, காற்று ஒரு பக்கம் தள்ளினால் கையால் அதைத் தடுக்க முடியாது. குலை அறுந்ததும் பாரம் குறைந்து தோட்டி எதிர்ப்பக்கம் துள்ளும். அந்தத் துள்ளலில்தான் கம்பியில் படுகிறது.

மூங்கில் தோட்டி என்றால் பயமில்லை என்பதும் பாதி உண்மைதான். காய்ந்த மூங்கிலில் மின்சாரம் எளிதில் பாயாது. ஆனி, ஆடிச் சாரலில் நனைந்த மூங்கிலில் பாயும். பச்சை ஓலை, வாழைக்குலை, ஈரக் கயிறு எல்லாமே அப்படித்தான். 11 கே.வி. (11,000 வோல்ட்) லைனாக இருந்தால் தொடக்கூட வேண்டாம், மிக அருகே போனாலே பாயும். தெருவில் நாலு கம்பியோடு வீடுகளுக்குக் கிளை பிரிந்து போவது தாழ்வழுத்த லைன். பெரிய இன்சுலேட்டர்களோடு மூன்று கம்பி மட்டும் போவது பெரும்பாலும் 11 கே.வி. எது என்று தெரியாவிட்டால் 11 கே.வி. என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆளோ, தோட்டியோ, ஏணியோ, வெட்டிச் சாய்க்கிற கொம்போ எந்த நேரத்திலும் கம்பிக்கு 3 மீட்டருக்குள் வரக்கூடாது. அப்படி வரும் என்று தெரிந்தால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் வெட்ட வேண்டும். மின்னகம் எண் 94987 94987. இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால் அவரே கூப்பிடுவது நல்லது. வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தால் தெருக்கம்பியில் மின்சாரம் நிற்காது. இதைத் தெரியாமல் "ஆஃப் பண்ணியாச்சு, ஏறு" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். யார் எதை அணைத்தார்கள் என்று கேட்காமல் ஏறாதீர்கள்.

கம்பி அறுந்து தரையில் கிடந்தால் 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஈர மண்ணில் அதற்கும் அதிகமாகவே தள்ளிப் போங்கள். பக்கத்தில் மாட்டிக்கொண்டால் பெரிய அடி எடுத்து வைக்காமல் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து, தரையோடு உரசியபடி நகர வேண்டும். கால் அகன்றால் இரண்டு காலுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு வந்து உடம்பு வழியே மின்சாரம் பாயும்.

சாய்ந்து நிற்கும் மரம்

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் இந்த மாவட்டத்தில் எத்தனை ரப்பரையும் தென்னையையும் வாழையையும் சாய்த்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். காற்றுக்குப் பிறகு மரம் வெட்டும் வேலை சாதாரண நாளில் வெட்டுவது போன்றதில்லை. இன்னொரு மரத்தில் சாய்ந்து நிற்கும் மரமும், இரண்டு முனையிலும் சிக்கி நடுவில் வளைந்து நிற்கும் கொம்பும் விசையை உள்ளே பிடித்து வைத்திருக்கும். வெட்டியதும் கொம்பு ஆள்மேல் தெறிக்கும்.

வளைந்த கொம்பில் ஒரு பக்கம் அமுங்கியிருக்கும், எதிர்ப்பக்கம் இழுபட்டிருக்கும். முதல் வெட்டு அமுங்கிய பக்கத்தில், கனத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை. அதற்கு மேல் போனால் அறுக்கிற வாள் இறுகி மாட்டிக்கொள்ளும். பிறகு இழுபட்ட பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி விசையை விடுவிக்க வேண்டும். கொம்பு தெறிக்கக்கூடிய பக்கத்தில் நிற்கவே கூடாது. வேறு மரத்தில் மாட்டி நிற்கிற மரத்தின் அடியில் போய், தாங்குகிற மரத்தை வெட்டுவது தற்கொலைக்குச் சமம். கயிறு கட்டித் தூரத்திலிருந்து இழுத்து இறக்குங்கள். முடியாவிட்டால் இயந்திரம் உள்ளவரைக் கூப்பிடுங்கள். கூலிக்காக ஏற்றுக்கொள்ளக் கூடாத வேலைகளும் உண்டு.

புல் வெட்டும் மெஷின்

பிரஷ் கட்டரைத்தான் இன்று தோட்டக்காரர் அதிக நேரம் கையில் பிடிக்கிறார். தொல்லையும் அதிகம் வருவது அதனால்தான். செம்மண் சரளை உள்ள மேற்குப் பகுதி விளைகளில் தெறிக்கிற கல்லும், பழைய வீட்டைச் சுற்றிக் கிடக்கிற பாட்டில் சில்லும் கண்ணைப் பறித்துவிடும். சுற்றிப் பார்க்கும்போதே கல், கம்பி, பாட்டில், கதம்பைத் (தேங்காய் மட்டை) துண்டு எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். வேலை நடக்கும்போது 15 மீட்டருக்குள் ஆள் வரக்கூடாது, வெட்டுபவருக்கு உதவியாளரும் அதற்குள் வரக்கூடாது. வீட்டுக் குழந்தைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள், "மக்கா, உள்ள போயிரு" என்று சொல்லி அனுப்பிவிட்டுத் தொடங்குங்கள். யாராவது நெருங்கினால் முதலில் ஆக்சிலரேட்டரை விடுங்கள், பேச்சு அப்புறம்.

முகத்துக்கு வலைத்தடுப்பு மட்டும் போதாது. வலை கல்லைத் தடுக்கும், தூளையும் சின்னச் சில்லையும் விட்டுவிடும். உள்ளே பாலிகார்பனேட் கண்ணாடி வேண்டும். காதுக்கு மூடியோ செருகியோ வேண்டும். இந்த மெஷின் சத்தம் 85 டெசிபலுக்கு மேலேதான் இருக்கும், அது காதைக் கெடுக்கிற அளவு. கெட்ட காது திரும்ப வராது.

தோள்வாரைச் சரியாக மாட்டினால் கொக்கி வலது இடுப்பெலும்புக்கு ஒரு கையகலம் கீழே நிற்கும். கையை எடுத்தாலும் தலைப்பகுதி தரைக்குச் சற்று மேலே தானாகத் தொங்க வேண்டும். அப்படித் தொங்காவிட்டால் எடை முழுவதும் முதுகில் இறங்குகிறது என்று அர்த்தம். வாரில் உள்ள அவசரக் கழற்றியைக் காலையில் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். மெஷினில் தீப்பிடித்தால் அது ஒன்றுதான் வழி.

பிளேடு போட்டிருந்தால் அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் பெரும்பாலான மெஷின்களில் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். முன்னால் 12 மணி என்று வைத்தால், 12-க்கும் 2-க்கும் இடைப்பட்ட பகுதி கடினமான மூட்டிலோ கல்லிலோ பட்டால் மெஷின் முழுவதும் வலப்பக்கம் எகிறும். அந்த எகிறலில்தான் பக்கத்தில் நிற்பவர் கால் போகிறது. வெட்டு 8 முதல் 10 மணி வரையுள்ள இடப்பக்கத்தில் விழ வேண்டும், வீச்சு வலத்திலிருந்து இடத்துக்கு. பிளேடைப் பிடிக்கிற நட்டு இடது மரை, சாதாரண நட்டுக்கு எதிர்த்திசையில் கழலும். மரை தெரியாமல் முறுக்கி அதை அழித்துவிட்டு, பிறகு கம்பி கட்டி ஓட்டுகிற மெஷின்களைப் பார்க்கலாம். விரிசல் விட்ட பிளேடில் வெல்டிங் வைத்து ஓட்டுவதும், நைலான் நரம்புக்குப் பதிலாக இரும்புக் கம்பியோ சைக்கிள் செயினோ மாட்டுவதும் கூடவே கூடாது. அறுந்த துண்டு துப்பாக்கிக் குண்டு போலப் பாயும்.

நரம்பு நீளமாக இருந்தால் வேகமாக வெட்டும் என்று காப்புத் தகட்டைக் கழற்றி வைக்கிறார்கள். தகட்டில் உள்ள சின்னக் கத்திதான் நரம்பை அளவுக்கு வெட்டிவிடுகிறது. அதைக் கழற்றினால் நரம்பு நீண்டு என்ஜினுக்குச் சுமை ஏறும், சூடாகும். கல்லும் நேராகக் காலுக்கு வரும். புல் சுற்றிக்கொண்டால் என்ஜினை நிறுத்தி, பிளக் மூடியைக் கழற்றிய பிறகே கை வையுங்கள்.

பெட்ரோல் ஊற்றும்போது என்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளி வந்து ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு பேர் வேலைக்கு வந்திருந்தால் ஒரு டேங்க் தீர்ந்ததும் ஆள் மாறுங்கள். மணிக்கணக்கில் அதிர்வைப் பிடித்தால் விரல் நுனி மரத்துப் போகும், குளிரில் வெளுக்கும், பொத்தான் போட வராது. இது ஒரு நாளில் வருவதில்லை. வந்துவிட்டால் முழுமையாகப் போவதும் இல்லை. கைப்பிடி ரப்பர் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

மருந்து அடிப்பது

டப்பாவில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கடுத்தது, பிறகு நீலம், பச்சை. பச்சை என்றால் நஞ்சே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒப்பிடும்போது குறைவு, அவ்வளவுதான். களைக்கொல்லி பாராகுவாட்டுக்கு முறிமருந்தே கிடையாது. ஒரு வாய் உள்ளே போனாலும் உயிர் ஊசலாடும். குளிர்பான பாட்டிலில் மருந்தை ஊற்றி வைக்கிற பழக்கத்தை இதற்காகவாவது ஒழிக்க வேண்டும்.

கழுத்தில் கிடக்கிற துவர்த்தை (துண்டை) மூக்கில் கட்டிக்கொண்டு மருந்து அடிப்பதை எங்கும் பார்க்கலாம். துவர்த்து நனைந்ததும் மருந்தை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொள்கிறது. மூச்சு விட விட அது உள்ளே போகிறது. அதே துவர்த்தால் நெற்றி வியர்வையையும் துடைத்துக்கொள்கிறோம், மருந்து கண்ணுக்கும் போகிறது. என்95 முகக்கவசம் துளியையும் தூளையும் தடுக்கும். ஆவியாகிற மருந்துக்கு வடிகட்டிக் குப்பி (கார்ட்ரிட்ஜ்) வைத்த கவசம் வேண்டும். கைக்கு நைட்ரைல் உறை. துணி உறையும் தோல் உறையும் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அவை வேண்டாம். முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, கம்பூட்டுக்கு (ரப்பர் பூட்ஸ்) வெளியே தொங்குகிற பேன்ட். பேன்ட்டைக் கம்பூட்டுக்குள் செருகினால் வழிகிற மருந்து அதற்குள் தேங்கும்.

முதுகுப் பம்பு 16 லிட்டர். லிட்டருக்கு 2 மில்லி என்று டப்பாவில் இருந்தால் டாங்குக்கு 32 மில்லி. மூடியால் "ரெண்டு மூடி" என்று அளக்காமல் கோடு போட்ட அளவைக் குப்பியால் அளந்து ஊற்றுங்கள். முதலில் டாங்கில் பாதித் தண்ணீர், பிறகு வாளியில் கரைத்த மருந்து, பிறகு மீதித் தண்ணீர். கிணற்றுக்குப் பக்கத்தில் கலக்க வேண்டாம். நிரம்பியதும் மூடியை இறுக்கி, பம்பைக் கவிழ்த்து ஒரு நிமிடம் பாருங்கள். மூடி வாஷர் தேய்ந்திருந்தால் கசியும், அந்தக் கசிவு முதுகு வழியே இடுப்புக்கு இறங்கும். தோல் எல்லா இடத்திலும் ஒரே அளவு மருந்தை உறிஞ்சுவதில்லை. முன்கையைவிடத் தொடையிடுக்கில் பல மடங்கு அதிகம் உள்ளே போகும். சிறுநீர் கழிக்கப் போகும் முன் கை கழுவச் சொல்வது இதனால்தான். வாஷர் விலை சில ரூபாய். நாசில் அடைத்தால் வாயால் ஊதாதீர்கள். பழைய டூத் பிரஷ்ஷோ காய்ந்த ஈர்க்கிலோ போதும்.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவத்தில் வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கின்றன. அதே காற்றுதான் பக்கத்துத் தோவாளைத் தோட்டங்களிலும் மருந்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. அந்த மாதங்களில் விடிந்ததும் கொஞ்ச நேரம் அடங்கியிருந்தால் மட்டும் அடியுங்கள். சின்னக் கிளை அசையத் தொடங்கினால் பம்பை இறக்கி வையுங்கள். மேல்காற்று (மேற்கிலிருந்து வீசுவது) என்றால் தோட்டத்தின் கிழக்கு ஓரத்தில் தொடங்கி, வரிசை வரிசையாக மேற்கே நகருங்கள். அப்போதுதான் அடித்த செடிக்குள் நீங்கள் நடக்க மாட்டீர்கள், புகையும் உங்கள்மேல் வராது. பிச்சியும் அரளியும் பறிக்க விடியும் முன்பே பெண்கள் வருவார்கள், தலையில் விளக்கு மட்டும் இருக்கும், அடித்தது கண்ணுக்குத் தெரியாது. அடித்த தோட்டத்தின் வாசலில் சிவப்புத் துணி கட்டி, நேரில் போய் "அக்கா, நேத்து மருந்து அடிச்சிருக்கு, இன்னைக்கு இங்க இறங்காண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதை டப்பா பார்த்து முடிவு செய்யுங்கள்.

வெயிலில் மருந்து அடித்தவருக்கு மயக்கம் வந்தால் வெயிலாலா மருந்தாலா என்று குழப்பம் வரும். தலைவலி, வாந்தி, வியர்வை இரண்டிலும் உண்டு. வாயில் எச்சில் ஒழுகுவது, கண்ணீர் வடிவது, கண்மணி ஊசிமுனையளவு சுருங்குவது, தசை துடிப்பது எல்லாம் பூச்சிமருந்து நஞ்சு ஏறியதன் அடையாளம். உடையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி (செய்பவரும் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும்), வாந்தி எடுக்க வைக்காமல், மருந்து டப்பாவோடு 108-இல் ஏற்றுங்கள். டப்பாவைப் பார்த்துத்தான் மருத்துவர் முறிமருந்தை முடிவு செய்வார்.

துரிசும் சுண்ணாம்பும்

ரப்பர் இலை உதிர்வுக்கும், தென்னைக் குருத்தழுகலுக்கும், மிளகு வாட்டத்துக்கும் இங்கே போர்டோக் கலவை என்கிற பூஞ்சைமருந்து இல்லாமல் முடியாது. 1 சதவீதம் என்றால் துரிசு (மயில்துத்தம்) 1 கிலோ 50 லிட்டர் தண்ணீரில், சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ இன்னொரு 50 லிட்டரில். இரண்டும் பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில். துரிசு இரும்பை அரிக்கும். துரிசுக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றினால் கலவை திரியும். தீட்டிய கத்தியை முக்கிப் பார்த்துச் செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேருங்கள். அன்றே அடித்து முடியுங்கள்.

ஆபத்து சுண்ணாம்பை நீற்றும்போதுதான். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டதும் கொதிக்கும், கட்டி வெடித்துத் தெறிக்கும். நிறையத் தண்ணீரில் கட்டியைச் சிறிது சிறிதாகப் போடுங்கள், கட்டிமேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். நீளக் கம்பால் கிண்டுங்கள், முகத்தை விலக்கி வையுங்கள். மூடிய கண்ணாடி இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் அமிலத்தைவிட மோசம், ஆழமாக இறங்கிக்கொண்டே போகும். உடனே குழாய்த் தண்ணீரில், இமையைத் தூக்கி, துகளை அகற்றி, 20 நிமிடம் கழுவிவிட்டே வண்டியில் ஏற்றுங்கள். அதனால் நீற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு குடம் நல்ல தண்ணீர் முதலிலேயே வைத்திருக்க வேண்டும். கள்ளிப்பால் கண்ணில் பட்டாலும் இதே கழுவல்தான். அரளி வெட்டினால் கையுறை, கழித்ததை எரிக்கக் கூடாது, அதன் புகையும் நஞ்சு.

மழையும் எலிக்காய்ச்சலும்

தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. வாழைக் குழியிலும் சானல் கரையிலும் ஈரம் காய்வதே இல்லை. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் பித்தவெடிப்பு, கீறல், கண் வழியே உடம்புக்குள் போகும். பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரத்தில் காய்ச்சல் வரும். கெண்டைக்கால் தசை தொட்டாலே வலிக்கும், கண் சிவக்கும். பிறகு மஞ்சள் காமாலையும் சிறுநீர் குறைவதும் வந்தால் நிலைமை கைமீறிப் போய்க்கொண்டிருக்கிறது. கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகாதீர்கள். சில வலி மாத்திரை சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். முதல் இரண்டு நாளிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், "தோட்ட வேலை, தேங்கின தண்ணியில நின்னேன்" என்று நீங்களே சொல்லுங்கள். அந்த ஒரு வரிதான் மருத்துவரை எலிக்காய்ச்சல் பக்கம் யோசிக்க வைக்கும். தொடர்ந்து சேற்றில் நிற்கிற வேலை என்றால் முன்கூட்டியே போடும் டாக்சிசைக்ளின் மாத்திரை பற்றியும் அங்கேயே கேட்கலாம், தானாக வாங்கிப் போட வேண்டாம்.

முழங்கால் வரை வரும் கம்பூட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் உடனே கழற்றிக் கொட்டுங்கள். புண்ணில் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள். தடுப்பூசி என்றால் டெட்டனஸ்தான்: 10 ஆண்டுக்கு ஒரு தடவை, அழுக்கான காயம் என்றால் 5 ஆண்டு கடந்திருந்தாலே மீண்டும். புதர் வெட்டிய பிறகு காய்ச்சலும், உடம்பில் சிகரெட் சுட்ட மாதிரி கறுத்த பொருக்கும் இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். இடுப்பு, அக்குள், தொடையிடுக்கில் தேடிப் பாருங்கள்.

பாம்பு

கதம்பைக் குவியல், அடுக்கிய ஓலைமட்டை, ஓடு, செங்கல் இவற்றைக் கையால் அள்ளாதீர்கள். முதலில் கம்பால் தட்டி, மண்வெட்டியால் உங்களை நோக்கி இழுக்காமல் எதிர்ப்பக்கம் புரட்டுங்கள். கம்பூட் போட்டாலே பெரும்பாலான கால் கடி தடுக்கப்படும். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்து ரப்பர்ச் சருகில் மூக்கு நுனி மேல்நோக்கி நிற்கும் சின்னக் குழிவிரியன் உண்டு. நம்மிடம் உள்ள விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும்தான், இதற்கு வேலை செய்யாது. அதனால் பாம்பைத் தூரத்தில் நின்று ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். அடித்துக் கொண்டு போகிறேன் என்று இன்னொருவர் கடி வாங்க வேண்டாம்.

கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், கம்பூட்டைக் கழற்றுங்கள், வீங்கிய பிறகு கழற்ற முடியாது. கை காலை மட்டையோ கம்போ வைத்து அசையாமல் கட்டி, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி, தக்கலை, குழித்துறை அரசு மருத்துவமனைகளில் எது பக்கமோ அங்கே. கட்டுவிரியன் கடி வலிக்காமலும் வீங்காமலும் இருக்கலாம். "ஒண்ணும் செய்யல, விடு" என்று வீட்டில் உட்காரக் கூடாது.

தேன்பெட்டி வைத்த விளை மார்த்தாண்டம் சுற்றி நிறைய. பெட்டிப் பக்கம் மெஷின் ஓட்டினால் அதிர்வும் பெட்ரோல் புகையும் தேனீயைக் கிளப்பும். பெட்டியைச் சுற்றிக் கைக்கத்திதான், அதுவும் பெட்டிக்காரரிடம் சொல்லிவிட்டு. கொட்டிய பிறகு உதடு தடித்து மூச்சு முட்டினால் வீட்டு வைத்தியத்தில் ஒரு நிமிடம்கூட வீணாக்காமல் 108.

வெயிலுக்கு: பங்குனி முதல் வைகாசி வரை, கடற்கரை ஓரத்தில் வியர்வை காயாத புழுக்கம்தான் ஆபத்து. தாகம் எடுக்கும் வரை காத்திராமல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர். 1 லிட்டர் தண்ணீரில் சமமாக வழித்த 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து வைத்துக்கொள்ளலாம். புதிதாக வேலைக்கு வந்த பையனை முதல் நாளே முழு நாள் வெயிலில் நிறுத்தாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கு நேரம் தொடங்கி நாள்தோறும் அவ்வளவு கூட்டுங்கள். பேச்சு உளறினால் நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

யார் கொடுப்பது

கண்ணாடி, கையுறை, கம்பூட், காது மூடி எல்லாம் சேர்த்து வாங்கினால் சில நாள் கூலிக்கு ஆகும். அதைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்பது என் கருத்து. விடுதியோ, பள்ளியோ, கல்லூரியோ, எஸ்டேட்டோ தொடர்ந்து ஆள் வைத்தால் அவர்கள்தான் வாங்கித் தர வேண்டும். தனி வீடுகளுக்குப் போகிறவர், கூலியோடு மெஷின் வாடகை கேட்பதுபோலப் பாதுகாப்புச் சாமானுக்கும் ஒரு தொகை சேர்த்துக் கேட்கலாம். ஆபத்தான வேலையைக் குறைந்த கூலிக்கு ஒருவர் ஏற்றுக்கொண்டால், அடுத்து வருகிற எல்லோருக்கும் அதுவே கூலியாகிவிடுகிறது.

பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்கு உள்ள யாரும் சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தாலோ இரண்டு கண்ணும் போனாலோ 2 லட்சம், ஒரு கண்ணோ ஒரு கையோ ஒரு காலோ போனால் 1 லட்சம். பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுவது போன்றவற்றுக்கு உடனடி மருத்துவமனைப் பதிவு இருக்க வேண்டும், ஆகவே அரசு மருத்துவமனைச் சீட்டைத் தொலைக்காதீர்கள். தென்னை ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேரா சுரக்ஷா தனியாக இருக்கிறது. சுரக்ஷா பீமா ஜூன் 1 முதல் மே 31 வரைதான். மே கடைசியில் கணக்கில் 20 ரூபாய் இல்லாவிட்டால் புதுப்பிக்காமல் விட்டுப்போகும். கூட வேலை செய்பவர்களின் பாஸ்புக்கையும் அந்த வாரம் ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள்.